கொலுவில் நின்ற படை

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு மாடி அறையில் நான் குடியிருந்த காலத்தில் என்னிடம் இரண்டு படைகள் இருந்தன. ஒன்று பாளையக்காரர் படை, இன்னொன்று வெள்ளைக்காரர் படை. இரண்டுக்கும் தளபதி நான்தான். ஒரு பக்கம் உட்கார்ந்து தாக்குவேன். பிறகு எழுந்து மேஜையைச் சுற்றி வந்து மறுபக்கம் உட்கார்ந்து அந்தத் தாக்குதலைத் தடுப்பேன். ஜன்னல் வழியாக யாராவது பார்த்திருந்தால் மில்லில் வேலை பார்க்கிற ஆளுக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். நல்லவேளை, அந்த ஜன்னல் கோயில் மதிலைப் பார்த்து இருந்தது.

விரல் உயரச் சிப்பாய்களை மேஜையில் அணிவகுத்து நிறுத்தி, குன்றும் ஓடையும் செய்து வைத்து, டேப்பால் தூரம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி யார் செத்தார் யார் பிழைத்தார் என்று முடிவு செய்கிற விளையாட்டு அது. சதுரங்கத்துக்குத் தூரத்துச் சொந்தம். எங்கள் பக்கத்து ஊர்களில் பட்டாசுக்குச் சுற்றுவதற்காக வெளிநாட்டுப் பழைய பேப்பர் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அப்படி வந்ததில் ஒதுங்கிய ஒரு ஆங்கிலப் பத்திரிகை, ராஜபாளையத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் என் கையில் மாட்டியது. அதில் ஒரு மேஜையின் படம். மேஜையின் இரண்டு பக்கமும் இரண்டு கிழவர்கள், இருவர் முகத்திலும் ஒருவரை ஒருவர் கவிழ்த்துவிடப் போகிற திருட்டுச் சிரிப்பு. நான் சிப்பாய்களைப் பார்த்து மயங்கியதாகத்தான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்த இரண்டாவது கிழவரைப் பார்த்துத்தான் மயங்கியிருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்காமார் கல்யாணமாகி வேறு வேறு ஊர்களில் இருந்தார்கள். எனக்குப் பெண் பார்க்கிற பேச்சு ஒன்றிரண்டு முறை எழுந்து தானாக அமர்ந்துவிட்டது. தினமும் பஸ் ஏறி ராஜபாளையம் போய், ஒரு நூல் மில்லில் நூலின் முறுக்கையும் பலத்தையும் சோதித்துப் பார்க்கிற பிரிவில் வேலை செய்துவிட்டுத் திரும்புவேன். பகல் முழுக்க மில் இரைச்சலில் யாரோடும் பேச முடியாது. சாயங்காலம் அறையில் பேச ஆள் கிடையாது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆடிப்பூரத் தேரோட்டத்துக்குப் போடுகிற கடைகளில் பாலித்தீன் பையில் அடைத்த பச்சைப் பிளாஸ்டிக் சிப்பாய்கள் கிடைப்பார்கள். எல்லாரும் இரும்புத் தொப்பி வைத்து இயந்திரத் துப்பாக்கி பிடித்த ஆட்கள். அவர்களைப் பாளையக்காரர்களாக மாற்ற வேண்டும். பிளேடை மெழுகுவர்த்தியில் சூடு காட்டித் தொப்பியைச் சீவுவேன், துப்பாக்கியை அறுப்பேன். கைக்குள் ஊசியால் துளை போட்டுத் துடைப்பத்து ஈர்க்கைச் சொருகினால் வேல். சத்திரப்பட்டிப் பக்கம் ஆஸ்பத்திரிக்காக நெய்கிற பேண்டேஜ் துணி இருக்கிறதே, அதைவிட மெல்லிய துணி கிடையாது. அதைத் துணுக்காக வெட்டிப் பசையில் முக்கி இடுப்பில் சுற்றினால் வேட்டி, தலையில் சுற்றினால் தலைப்பாகை. காய்ந்த பிறகு நிஜ மடிப்போடு நிற்கும். மில்லில் கழித்துப்போட்ட நூல் குதிரைக்குப் பிடரி ஆயிற்று. நூல் சுற்றும் அட்டைக் கோன்களை அடி வெட்டி நிறுத்தினால் கோட்டைக் கொத்தளம். பஞ்சுக் கழிவைப் பீரங்கி வாயில் வைத்தால் புகை.

வண்ணம் அடிக்கிறதில்தான் நான் அழுதிருக்கிறேன். எனாமல் பெயின்ட் பிளாஸ்டிக்கில் ஒட்டாது. முதல் படை முழுக்க ஒரே மாதத்தில் அம்மை போட்டதுபோல உரிந்து நின்றது. சிப்பாய்களைச் சோப்புத்தூளில் கழுவி, பசையைத் தண்ணீராகக் கரைத்து ஒரு பூச்சுப் பூசி, அதன் மேல் வண்ணம் அடித்தால் நிற்கும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று. போர்டு எழுதுகிறவர்கள் வாங்கும் தூரிகையில் சில முடியை மட்டும் விட்டு மற்றதைக் கத்தரித்துவிடுவேன். கண்ணுக்கு வெள்ளை வைக்கக் கூடாது. வைத்தால் படை முழுக்கப் பேயைக் கண்டதுபோல முழிக்கும். புருவத்துக்குக் கீழே ஒரு கறுப்பு நிழல் போதும், பார்க்கிறவன் கண்ணே மிச்சத்தைப் போட்டுக்கொள்ளும். இதையெல்லாம் நானாகக் கண்டுபிடித்துவிட்டு, சொல்ல ஆளில்லாமல் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன்.

குன்றுகள் செய்ய எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. நாங்கள் கத்தோலிக்கர்கள். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் குடில் வைப்போம். கோணிச்சாக்கைப் பசையில் நனைத்துச் செங்கல் மேல் போட்டு மலை செய்வதும், மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிப் புல் தூவுவதும் சின்ன வயதிலேயே கைக்கு வந்தவை. மேஜைமேல் நான் செய்தது மேற்கே தெரிகிற நம் மலைதான். அதன் அடியில் ஒரு கண்மாய், கண்ணாடித்துண்டு மேல் வார்னிஷ் ஊற்றியது. கரை, கரையில் பனைமரங்கள், தேங்காய் நாரில் நட்ட நெல்வயல். தீக்குச்சிகளால் ஒரு மடைகூடச் செய்து வைத்திருந்தேன். அழகுக்காக.

ஆனால் விளையாட ஆள் வேண்டுமே. தனியாக விளையாடலாம், அந்தப் பத்திரிகையே சொல்கிறது. நானும் விளையாடினேன். பாளையக்காரர் பக்கம் உட்கார்ந்து பனந்தோப்புக்குள் ஆட்களை ஒளித்து வைத்துவிட்டு, எழுந்து போய் வெள்ளைக்காரர் பக்கம் உட்காரும்போது தோப்புக்குள் ஆள் இருப்பது தெரியாதவன் மாதிரி நடிக்க வேண்டும். எத்தனை நாள் நடிப்பது? தன்னைத் தானே ஏமாற்றுவது பெரிய வித்தை என்பார்கள். எனக்கு அது கைகூடவே இல்லை. நான் கேட்டதெல்லாம், என்ன செய்யப்போகிறான் என்று எனக்குத் தெரியாத ஒரு ஆள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும், ஒரே ஒரு தடவை. அது நடக்காமலே போய்விடுமோ என்ற பயம் சில ஞாயிற்றுக்கிழமைகளில் சோறு இறங்காத அளவுக்கு இருந்தது.

மில்லில் சொன்னால் சிரித்தார்கள். "யாருக்கு, பிள்ளைக்கா?" என்று கேட்பார்கள். எனக்கேது பிள்ளை என்று தெரிந்துகொண்டே கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்தாலே எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறும். பொம்மைக்காரர் என்று பெயரும் வைத்தார்கள்.

ஒருநாள் கேன்டீனில் என் சட்டைப்பையிலிருந்த ஒரு வேல்காரனை, எங்கள் மில்லின் எலெக்ட்ரிகல் பிரிவு சூப்பர்வைசர் ஒருவர் எட்டி எடுத்தார். வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் மகாராஜபுரத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர், அதுவரை அதிகம் பேசியதில்லை. வேல்காரனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அந்தப் பாழாய்ப்போன கேள்விக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இவன் எம்புட்டுத் தூரம் எறிவான் அண்ணாச்சி?" என்றார்.

அன்றைக்கு நான் சாப்பிட்ட சாப்பாடு என்னவென்று கேட்டால் தெரியாது. கேன்டீன் மேஜையில் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுக் கோடு போட்டு விதிகளைச் சொன்னேன். காலாள் ஒரு முறைக்கு ஆறு அங்குலம், குதிரை பன்னிரண்டு, பீரங்கி சகதியில் நகராது. அவர் இடையிடையே கேள்வி கேட்டார். எல்லாம் சரியான கேள்விகள். அதன்பின் ஒவ்வொரு மதியமும் பேசினோம். மேஜையைப் பார்க்க வர வேண்டும் என்று அவருக்கும் ஆசைதான், ஆனால் என் ஷிப்டும் அவர் ஷிப்டும் ஒத்துவரவே இல்லை. அதற்குள் அவருக்கு நைஜீரியாவில் ஒரு மில்லில் வேலை கிடைத்துவிட்டது. ஆயுத பூஜைக்கு மில் லீவு. அன்றைக்கு மதியம் வருவதாகச் சொன்னார். மறுநாள் காலையில் மெட்ராஸ் பஸ் ஏறி, அங்கிருந்து விமானம். ஆக இருந்தது அந்த ஒரு மதியம்தான்.

இந்த இடத்தில்தான் கொலு குறுக்கே வந்தது. கீழ்வீட்டில் குடியிருந்த வீட்டுக்கார அக்கா, மழைத்தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்க்க என் அறைக்கு வந்தவர், மேஜையைக் கண்டு வாயில் கை வைத்து நின்றுவிட்டார்.

"அம்புட்டும் நீங்க செஞ்சதா தம்பி? கண்மாய்க்கு மடையெல்லாம் வச்சிருக்கீங்க! நாங்க கொலுவுக்குக் கீழ பார்க் வைப்போம்ல, இந்த வருசம் இதை வைக்கலாமா?"

என் படையை ஒருவர் கேட்டு வாங்குகிறார். அந்தச் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பலகை பலகையாகக் கீழே இறக்கி, கொலுப்படிக்கு முன்னால் பரப்பி, ஆயுத பூஜை அன்று எப்படி விளையாட்டைத் தொடங்க வேண்டுமோ அப்படியே இரண்டு படைகளையும் நிறுத்தினேன். அன்று மதியம் மேலே எடுத்துப்போய் விளையாடிவிட்டு, சாயங்காலம் திரும்ப வைத்துவிடலாம் என்பது என் கணக்கு. எங்கள் குடிலில், இயேசு பாலகனைப் பார்க்க வருகிற மூன்று ராஜாக்களை முதலில் ஜன்னலோரம் வைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஜனவரியில் ராஜாக்கள் திருநாளன்றுதான் பாலகனிடம் கொண்டு சேர்ப்போம். பொம்மை என்றால் நகரும். அப்படித்தான் நான் வளர்ந்தேன். கொலுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மகாராஜபுரத்துக்காரர் சொன்னபடி வந்துவிட்டார், புதுச் சட்டை போட்டு, கையில் காலையில் மில் பூஜையில் கொடுத்த பொரிப் பொட்டலத்தோடு. நான் அக்காவிடம் போய், செத்த நேரம் மேலே எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன்.

"அய்யய்யோ! கலசம் வச்சாச்சு தம்பி. கொலு எறக்குத வரைக்கும் ஒண்ணையும் அசைக்கப்படாது. நாளைக்கு விஜயதசமி. ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைப்போம், பொறவு அம்புட்டையும் எடுத்துக்கிடுங்க."

"நாளைக்கு இவிய ஊருல இருக்க மாட்டாக அக்கா. எங்க குடில்ல ராஜாக்களைத் தினமும் நகத்துவோமே."

"அது ஒங்க சாமி வழக்கம். இது எங்க சாமி வழக்கம்" என்றார், துளி வருத்தமும் இல்லாமல். பிறகு என் முகத்தைப் பார்த்து இரங்கிவிட்டார் போலிருக்கிறது. "உக்காந்து பாருங்களேன், யாரு வேண்டாங்கா? கண்ணால பாக்கலாம், கையால தொடப்படாது. சுண்டல் தாரேன்."

நான் மாடிப்படியைப் பார்த்துத் திரும்பினேன். மகாராஜபுரத்துக்காரர்தான் சப்பணமிட்டுக் கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் குனிந்து மலையையும் வயலையும் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு, "சரி அண்ணாச்சி, நான் பாளையக்காரன். சொல்லியே ஆடுவோம்" என்றார்.

அப்படித்தான் ஆடினோம். ஒன்றையும் தொடாமல், வாயாலேயே. இன்ன கூட்டம் இன்ன பனைமரம் வரை வந்துவிட்டது என்று சொன்னால் இருவரும் அதை அங்கே இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். பகடையைக் கொலுவுக்கு முன் உருட்டினால் சூதாட்டமாகிவிடும். அதற்கு அக்கா கொடுத்த சுண்டல் உதவியது. ஒருவர் கைக்குள் சுண்டலை மூடி ஒற்றையா இரட்டையா என்று கேட்க வேண்டும், சரியாகச் சொன்னால் குண்டு பட்டது. ஆட்டம் முன்னேற முன்னேறச் சுண்டல் குறைந்தது. படிகளில் இருந்த தெய்வங்கள் எல்லாம் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. எட்டிப் பார்த்த அக்கா, நாங்கள் ஏதோ ஜபம் பண்ணுவதாக நினைத்து சத்தம் போடாமல் திரும்பிப் போனார்.

நான் வெள்ளைக்காரன். மூன்று முறைக்குள் என் பீரங்கிகளை நெல்வயல் நடுவே கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். அங்கிருந்து அவருடைய கோட்டை நேராகத் தெரியும். இனி அவர் மலையடிக்கு ஓட வேண்டும், இல்லையென்றால் மோதிச் சாக வேண்டும். பாளையக்காரர் பக்கம் உட்கார்ந்து இதே நிலைமையில் நானே எத்தனையோ தடவை மாட்டிக்கொண்டிருக்கிறேன். வேறு வழியே கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

அவர் நிதானமாக யோசித்தார். "கரையில நிக்குத ரெண்டு ஆளு மடையைத் தொறந்து விடுதாங்க" என்றார்.

"அது சும்மா அழகுக்கு வச்சதுங்க."

"மடைன்னு வச்சா தண்ணி வரும்ல அண்ணாச்சி? கீழ வயலு. ஒங்க பீரங்கி இப்ப சகதில நிக்கி. சகதில பீரங்கி நகராதுன்னு நீங்கதானே சொன்னீக?"

உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது எனக்கு. அந்த மடையை நான்தான் தீக்குச்சி ஒட்டிச் செய்தேன். வருஷக்கணக்காக அதன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். அது திறக்கும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. என் மேஜையில் எனக்குத் தெரியாத ஒன்று நடந்துவிட்டது. சிரித்தேன், சத்தமாக, வெட்கமில்லாமல். அவரும் சிரித்தார். அந்தப் படத்துக் கிழவர்களின் சிரிப்பேதான்.

என் முறையைச் சொன்னேன். காலாட்களை வரப்பு வழியாகக் கரைமேல் ஏற்றி மடையைப் பிடிப்பது என்று. இனி அவர் முறை. அவர் வாயைத் திறப்பதற்குள் வாசலில் வளையல் சத்தம். தெருப் பெண்கள் கொலு பார்க்கத் திரண்டு வந்துவிட்டார்கள். பெண்கள் உட்கார்ந்து பாடப்போகிற இடத்தில் இரண்டு தடிப்பயல்களுக்கு என்ன வேலை? எழுந்து வெளியே வந்தோம். உள்ளே பாட்டுத் தொடங்கியது. கொஞ்ச நேரம் தெருவில் நின்றோம். பெண்கள் ஒரு கூட்டம் போனால் இன்னொரு கூட்டம் வந்தது.

"பஸ்ஸை விட்டுருவேன் அண்ணாச்சி, ஊர்ல எல்லாரும் காத்திருப்பாக. பொறவு ஒரு நாள் பாப்போம்" என்றார். பஸ் நிலையம் வரை கூடவே போனேன். வத்திராயிருப்பு பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்.

கொலு இறக்கியதும் பலகைகளை மேலே கொண்டுபோய், நாங்கள் சொன்ன சொல்படி ஒவ்வொரு சிப்பாயையும் அவனவன் இடத்தில் நிறுத்தினேன். வயலில் வார்னிஷ் ஊற்றி வெள்ளம் விட்டேன். என் காலாட்கள் கரைமேல் ஏறி நின்றார்கள். மறுபக்கம் போய் உட்கார்ந்து அவருக்காக யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஓடவில்லை. நான் யோசித்தால் என் யோசனைதானே வரும்? அதனால் மேஜையை அப்படியே விட்டுவிட்டேன். தூசியைத் தூரிகையால் தட்டுவேன், இடம் மாற்ற மாட்டேன். அடுத்த நவராத்திரிக்கு அக்கா கேட்டபோது, வேறு ஒரு குன்று செய்து தருகிறேன் என்றேன். அவருக்கு மனத்தாங்கல்தான். அது ஆட்டத்தின் பாதியில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

அவர் ஒருமுறை லீவில் வந்துவிட்டுப் போனதாக மில்லில் கேள்விப்பட்டேன். கல்யாணத்துக்காக இன்னொரு முறை வந்திருந்தார், மில்லில் சிலருக்குப் பத்திரிகை வைத்தாராம். எனக்கு வரவில்லை. மகாராஜபுரம் அப்படி ஒன்றும் தூரமில்லை. நானே போயிருக்கலாம். போய் என்ன சொல்வது? உங்கள் முறை, வந்து ஆடுங்கள் என்றா? ஆனாலும் அந்த இரண்டு லீவிலும், மாடிப்படியில் காலடி கேட்டால் நான் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

தொண்ணூறுகளில் ஒரு மதியம், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் என்னை யாரோ "அண்ணாச்சி!" என்று கூப்பிட்டார்கள். அவர்தான், சற்றுப் பருத்து, மனைவியோடும் பெரிய பெட்டிகளோடும் நின்றார். ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பிரியமான மனிதர், அதில் சந்தேகமே இல்லை.

"இவியதான்" என்றார் மனைவியிடம். "கொலுவுக்கு முன்னால உக்காந்து சண்டை போட்டோம்னு சொன்னேன்ல, அந்த அண்ணாச்சி. நான் மடையைத் தொறந்து விட்டு இவிய பீரங்கியை எல்லாம் முக்கிட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "அன்னைக்கு நாந்தானே ஜெயிச்சேன் அண்ணாச்சி?"

அந்த அம்மாள் புன்னகையோடு என் பதிலுக்குக் காத்திருந்தார். என் காலாட்கள் அப்போதும் கரைமேல்தான் நின்றுகொண்டிருந்தார்கள், மடைக்கு ஒரு விரற்கடைத் தூரத்தில், அவர் முறைக்காக. இல்லை, ஆட்டம் இன்னும் முடியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது. அவரைப் பொறுத்தவரை அது எப்போதோ முடிந்து, ஜெயித்து, நைஜீரியாவில் நாலு பேருக்குச் சொல்லிச் சிரித்த கதை.

"ஆமா, நீங்கதான் ஜெயிச்சீங்க" என்றேன்.

வத்திராயிருப்பு பஸ் வந்ததும் பெட்டிகளை ஏற்ற உதவினேன். வீட்டுக்கு ஒரு நாள் வாங்க என்று இருவரும் சொன்னார்கள், வருகிறேன் என்றேன். அறைக்குத் திரும்பி, சட்டையைக் கழற்றாமலே மேஜை முன் உட்கார்ந்தேன். கரைமேல் நின்ற என் ஆட்களை ஒவ்வொருவராக எடுத்துப் பெட்டிக்குள் அடுக்கினேன், பிறகு அவருடைய ஆட்களையும். தோற்றதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆட்டம் முடிந்துபோனதைத்தான் தாங்க முடியவில்லை.